ரூபிக்கன் ஆறும் தர்மபுரம் கிணறும்

ஆற்றைக் கடந்தாயிற்று, இனிப் படையைத் திருப்ப வழியில்லை என்று மதுசன் மூன்றாவது தடவையாக முணுமுணுத்தான். சேட்டுக் கழுத்துப்பட்டி வியர்வையில் ஊறியிருந்தது.

சீசர் படையோடு கடந்த அந்த ரூபிக்கன் ஆறு இருந்தது இத்தாலியில். மதுசன் இருந்தது கிளிநொச்சியில், ஒரு தொண்டு நிறுவனத்தின் வாசல் கதிரையில். அறிக்கை எழுதும் வேலைக்கு இன்ரவியூ.

எட்டு மாதமாக அவன் யூரியூப்பில் ரோம சாம்ராச்சியத்தின் வழியாக உயர்தர ஆங்கிலம் படித்திருந்தான். சீசரைக் குத்திய பாடத்தில் பதினெட்டுச் சொல், நீரோ காலத்துத் தீயில் இருபத்தேழு. சின்னச் சொல் பேசுகிறவனுக்குச் சின்ன வேலைதான் கிடைக்கும் என்று அந்த வீடியோக்காரன் பாடத்துக்குப் பாடம் சொல்லுவான்.

இந்த வேலை தவறினால் திங்கட்கிழமை ஆனையிறவு உப்பளம். மாமா சுடலைமுத்து அங்கே பெயரும் கொடுத்துவிட்டார். சம்பளத்துக்கான ஆங்கிலச் சொல்லே ரோமர்களின் உப்பிலிருந்துதான் வந்தது என்று மதுசன் ஒருநாள் பெருமையடிக்கப் போக, மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: “அப்ப ஏன்டா ரோமைச் சுத்தி வாறாய்? நேரா உப்புக்கே வாவன்.”

உள்ளேயிருந்து தேனுகா சிரித்த முகத்தோடு வந்தாள். வவுனியாக்காரி. அவளை விட்டால் போட்டிக்கு வேறு ஆளில்லை.

“லேசுதான். ஒரு கிணத்துப் படம் காட்டுவினம், அதைப் பற்றி இங்கிலிசிலை சொல்லவேணும். நான் உள்ளதை நாலு வரியிலை சொல்லிப்போட்டன்” என்றாள்.

உள்ளே இணைப்பாளர் ஞானேஸ்வரியும் வேறு இரண்டு பேரும் இருந்தார்கள். என்ன படித்தாய், எங்கே படித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஞானேஸ்வரி மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள்.

படத்தில் அந்த நிறுவனத்தின் திறப்புவிழாப் பெயர்ப்பலகை பெரிதாக நின்றது. பின்னால் பன்னிரண்டு அடிக்குச் சரிந்து இறங்கும் வெறும் கிடங்கு. அது மதுசனின் தர்மபுரத்துக் கிணறுதான். இரண்டு வருடமாக ஒரு வாளி தண்ணீர் வரவில்லை, வெயிலுக்கு ஆடுகள் இறங்கிப் படுக்கும்.

தண்ணீர் இல்லை என்பதை ஆங்கிலத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அதைச் சொல்லவா எட்டு மாதம் ரோமில் அலைந்தான்?

ரோம் ஒரே நாளில் கட்டப்படவில்லை என்று ஆங்கிலத்தில் தொடங்கினான். கிணறு தன் ரூபிக்கனைக் கடந்துவிட்டது என்றான். தண்ணீர் வராதது தோல்வியல்ல, வென்றவனையே களைக்க வைத்த வெற்றி என்றான். எல்லாப் பாதைகளும் ரோமுக்கே போகிறபடியால் ஈரமும் ஒருநாள் அந்தப் பாதையில் வந்தே தீரும் என்று முடித்தான். இடையிடையே நீரோவின் தீயில் எடுத்த இருபத்தேழு சொல்லையும் தூவினான்.

மூவரும் தலை நிமிராமல் எழுதினார்கள். ஞானேஸ்வரி திரும்பவும் அவசரப்படாமல் ஆறுதலாகச் சொல்லச் சொன்னாள். பக்கத்திலிருந்தவர் போனில் அகராதியைத் திறந்தார், கொஞ்ச நேரத்தில் மூடினார்.

“இப்ப சொன்னதைத் தமிழிலை சொல்லும் பாப்பம்” என்றாள் ஞானேஸ்வரி.

மதுசன் வாயைத் திறந்தான். எட்டு மாதத்தில் ஒரு பாடத்திலும் அது இருக்கவில்லை.

“அது... தமிழிலை வராது மிஸ்.”

ஒருவர் கையிலிருந்த காகிதக் கோவையால் முகத்தை மறைத்துக்கொண்டார். வெளியே இருக்கச் சொன்னார்கள்.

கதிரையில் விழுந்தவன் போனை எடுத்து ஆனையிறவுக்குக் காலையில் எத்தனை மணிக்கு பஸ் என்று பார்க்கத் தொடங்கினான். தேனுகா தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். வென்றவளின் இரக்கம் அதில் இருந்தது.

கதவு திறந்தது. ஞானேஸ்வரி தேனுகாவிடம் வந்து, அவளுடைய ஆங்கிலம் கண்ணாடி மாதிரி, சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் என்று மனதாரப் புகழ்ந்தாள். பிறகு நன்றி சொல்லி, போய்வரலாம் என்றாள்.

தேனுகா வாசல் படலை தாண்டும்வரை பார்த்து நின்றுவிட்டு ஞானேஸ்வரி மதுசன் பக்கம் குனிந்தாள்.

“நாளைக்கே வேலைக்கு வாரும் தம்பி. கிணத்திலை தண்ணி எங்கையெண்டு உதவி தந்த வெள்ளைக்காரர் மூண்டாந்தரமும் கேட்டிருக்கினம். அவையளுக்கு விளங்காமல் எழுத எங்களுக்கொரு ஆள் வேணும்.”