மேலே ஒரு கீற்று

விடியற்காலைத் தூறலில் வேலிப் புதருக்குள் குந்தியிருந்தான் நைஜல். யாராவது பார்த்திருந்தால் திருடன் என்று போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அவன் நகராட்சியில் தெருப் பலகை மாட்டுகிறவன். கம்ப்யூட்டருக்கு ஒத்துவரவில்லை என்று புதுப் பலகைகளில் அப்பாஸ்ட்ரபியை, அதாவது 'யாருடையது' என்று காட்ட ஆங்கிலத்தில் எஸ் எழுத்தை ஒட்டி மேலே போடும் கீற்றை, எடுத்துவிட்டார்கள். யாரோ ஒரு பாவி அதைக் கறுப்புப் பெயின்டால் மறுபடி போட்டுக்கொண்டே இருந்தான். நைஜல் துடைத்தால் மறுநாள் இருந்தது. ஒரு நாள் தடியாக, ஒரு நாள் மயிரிழையாக.

"ஒரு மாசமா ஒருத்தனைப் பிடிக்க முடியலையா? நீயே உடந்தைன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. இன்னும் ஒரு கீற்று விழுந்தா வேன் சாவியைக் குடுத்துட்டுப் போயிடு" என்று நேற்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

போன மாத ஆள்குறைப்பில் தப்பியதே பெரிய விஷயம். அப்போது மனைவி கேரல் ஒரு வாரம் தூங்கவில்லை. அதனால் இதை அவளிடம் சொல்லவே இல்லை. இன்று கிளம்பும்போது சாண்ட்விச் நீட்டிய அவள் நகத்தில் கறுப்புப் பெயின்ட். "சர்ச் கேட்டுக்கு அடிச்சேன்" என்றாள்.

காலடிச் சத்தம். நைஜல் பாய்ந்து கையைப் பிடித்தான். பிரஷ்ஷோடு நின்றவர் எண்பது வயது சக்டன் அம்மா, சர்ச்சில் பூ அலங்காரம் செய்கிறவர்.

"நீங்களா!"

"ஏன், நான்தான். இந்த விடோஸ் லேன்ல இருந்தது பதினோரு விதவைங்க. ஒருத்தின்னா கீற்றை எஸ்ஸுக்கு முன்னாடி போடணும், பல பேருன்னா பின்னாடி. எதுவுமே போடாம விட்டா யாரோட தெருவாம் இது?"

நைஜலுக்கு அழுகை வந்துவிட்டது. ஈரத் தரையிலேயே மண்டியிட்டான். "இதனால என் வேலையே போகப்போகுதும்மா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், விட்டுடுங்க."

சக்டன் அம்மா திகைத்துப்போனார். "போகுதா? ஐயோ! நான் விட்டுடறேன்பா. மத்தவங்ககிட்ட யாரு சொல்றது?"

"மத்தவங்களா?"

"பூ வைக்க முறை போட்டுக்கறோமே, அதே மாதிரிதான். தினம் ஒருத்தர்." பையிலிருந்து மடித்த முறைப் பட்டியலை எடுத்து நீட்டினார். தெரிந்த கையெழுத்து.

"தொடைக்க வேலை இருந்தாத்தான் உன்னை நிறுத்த மாட்டாங்கன்னு, உன் கேரல்தானேப்பா எங்களையெல்லாம் கெஞ்சினா!"