ஈர மூலை

அந்த மாடியில் இருந்த அத்தனை கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவாக ஒரே பிரிண்டர்தான். யார் எதை அச்சுக்கு அனுப்பினாலும் மேனேஜர்தான் முதல் ஆளாகப் போய் நிற்பார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கட்டைவிரலை நாக்கில் நனைத்து நனைத்து அடுத்தவர் தாளையெல்லாம் புரட்டுவார். அந்த ஈர மூலையைத் தொடும்போதெல்லாம் கணக்குப் பிரிவுக்காரிக்குக் குமட்டிக்கொண்டு வரும். போன மாதம் மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்தபோது, வாய் 'பாவம்' என்றது. மனசு 'விட்டது சனியன்' என்றது.

இன்று அவள் அனுப்பிய அறிக்கையின் ஒவ்வொரு தாளிலும் வலது மூலை நனைந்திருந்தது.

"ஏசித் தண்ணியா இருக்கும்," என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"ஏசி அந்தக் கோடியில இருக்குடி. தண்ணி நடந்தா வரும்? சீ, கருமம்!"

இரண்டு விரல் நுனியால் தூக்கி அத்தனையையும் குப்பையில் போட்டாள். கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். புதுத் தாள்கட்டைப் பிரித்து வைத்து, மறுபடி அனுப்பிவிட்டு, பிரிண்டர் பக்கத்திலேயே நின்றாள். இந்தத் தடவை தாள்கள் சூடாக, மொடமொடவென்று காய்ந்து வந்தன. அப்பாடா என்றிருந்தது.

எல்லாப் பக்கமும் வந்துவிட்டதா என்று அங்கேயே நின்று புரட்டிப் பார்த்தாள். அதற்குள் பின்னாலேயே வேறு யாருடைய தாள்களோ வந்து விழுந்தன. அவற்றையும் எடுத்துப் புரட்டினாள்.

பக்கத்து மேசைக்காரி வந்து கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"அது என்னோடதுடி. எதுக்கு எச்சில் தொட்டுப் புரட்டுற? ஆமா, வாயில என்ன மெல்லுற?"