எருக்குக்கு ஒரு சொம்பு

மகனின் கல்யாணத்துக்குப் பிறகு வைத்தியலிங்கம் அந்த எருக்கஞ்செடியை மூன்று முறை வெட்டிவிட்டார். ஆடு கடித்துவிட்டது என்று மருமகள் கோமளாவிடம் சொன்னார். மூன்று முறையும் அது தளிர்த்தது. கிணறு வற்றி, கொல்லையில் அவள் வைத்த கனகாம்பரமும் செவ்வந்தியும் கருகிப்போன கோடையில், அது மட்டும் ஊதாப் பூவோடு நின்றது.

முதல் இரண்டு மனைவியரும் இறந்துபோன மகனை, மூன்றாவதாக அந்தச் செடிக்குத் தாலி கட்டவைத்தவர் அவர்தான். அது செத்தால்தான் அடுத்து வருகிறவள் பிழைப்பாள். இதைக் கோமளாவிடம் எப்படிச் சொல்வது? இறந்தது ஒருத்திதான் என்று சபையில் சத்தியம் செய்து பெண் கேட்டவர் அவர்.

ஒன்றும் தெரியாத அவள் செடியைச் சுற்றிப் பாத்தி கட்டினாள். "என்னைவிட இதுதான் மாமா இந்த வீட்டுக்கு ஏத்த மருமக. தண்ணிகூடக் கேக்காது" என்று சிரித்தாள்.

பத்து நாளாக அவளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. இன்று வேரோடு தோண்டிவிடுவதென்று அவர் மண்வெட்டியுடன் கொல்லைக்கு வந்தார்.

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அவள் குரல் கேட்டது.

"மாமா, நீங்களாச்சும் அதுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. நான் எந்திரிக்கிறவரைக்கும் அது வாடக் கூடாது."

ஊரில் யாருக்கும் வளையாத அவர் மண்வெட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஊத்துறேம்மா" என்றார்.