கரையில் நின்ற மாஸ்டர்

ஒரு சேவலுக்கு யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுத்தே ஆகவேண்டும் என்று தீராத ஆசை. கோழிகளிடம் முயன்று பார்த்தது. அது நாலு வார்த்தை பேசுவதற்குள் அவை ஓடிவிட்டன. அப்போதுதான் குளத்தில் கழுத்துவரை அமிழ்ந்து கிடந்த எருமை அதன் கண்ணில் பட்டது. இப்படிப்பட்ட மாணவி எழுந்து ஓடக் கொஞ்சம் நேரமாகும் என்று சேவல் மகிழ்ந்துபோனது.

"முழங்கால் வலியா அக்கா? தண்ணீருக்குள்ளேயே உடற்பயிற்சி செய்தால் பறந்துபோய்விடும்" என்றது.

மறுநாளே வகுப்பு தொடங்கியது. வாத்து ஒன்றும் வந்து சேர்ந்துகொண்டது. சேவல் கரையில் நின்று, "காலை உதையுங்கள்! சிரித்துக்கொண்டே உதையுங்கள்!" என்று கூவியது. முட்டையிலிருந்து வந்த நாள்முதல் நீந்தும் வாத்தைப் பார்த்து, "நீ மிதக்கிற விதமே தப்பு" என்றது. வாத்துக்கு வெட்கமாகிவிட்டது.

"மாஸ்டர், நீங்களும் ஒரு தடவை இறங்கிச் செய்து காட்டுங்களேன்" என்றது எருமை.

"நானும் இறங்கிவிட்டால் உங்கள் தப்பை யார் பார்ப்பது?"

பத்தாம் நாள், "இன்னும் உயரமாக!" என்று துள்ளிய சேவல் கால் வழுக்கிக் குளத்தில் விழுந்தது. இரண்டு முறை மூழ்கி எழுந்து அலறியது. வாத்து பாய்ந்துபோய் அதன் கழுத்தை அலகால் தூக்கிப் பிடித்தது. எருமை வலிக்கிற காலோடு நீந்திவந்து, அதை முதுகில் ஏற்றிக் கரை சேர்த்தது.

சேவல் நடுங்கியபடியே இருமி முடித்தது. பிறகு சிறகை உதறிக்கொண்டு சொன்னது:

"உயிர் காக்கும் பயிற்சியில் வாத்து பாஸ். எருமை அக்கா, நீங்கள்தான் ரொம்ப மெதுவாக வந்தீர்கள்."

எருமை மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.