கல்லு மாதிரி

டாக்டர் மூன்றாவது தடவையாக அந்த நீளக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார்.

என் கணவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் தடவிய பசை இன்னும் காயவில்லை. மூன்று நாளில் முகம் வாடிப்போயிருந்தது. தொப்பை மட்டும் வாடவில்லை.

நான் கிடங்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சீருடையோடு வந்து பக்கத்தில் நின்றிருந்தேன்.

மேசைமேல் அந்தக் கைப்பட்டை கிடந்தது. கறுப்பு ரப்பர், நடுவில் சின்னத் திரை. அவருடைய ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்தது. எத்தனை அடி எடுத்துவைத்தோம், இதயம் எப்படித் துடிக்கிறது, எல்லாவற்றையும் போனுக்குச் சொல்லிவிடும். வாரா வாரம் யார் அதிகம் நடந்தார்கள் என்று ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டுவார்கள்.

மூன்று மாதமாக முதல் இடம் என் கணவருக்குத்தான். ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம் அடி. கொடுத்த கோப்பை எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, நடக்கச் சொல்லி அறிவுரையும் கொடுப்பார். உட்கார்ந்துகொண்டுதான் கொடுப்பார்.

மூன்று நாளைக்கு முன்னால், சாயங்காலம், நான் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சோபாவில் படுத்திருந்தவரின் போன் விட்டு விட்டு அதிர்ந்தது.

"உங்கள் இதயத்துடிப்பு சீராக இல்லை. மருத்துவரை அணுகவும்."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, தனக்கு அப்புறம் அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சின்னவள் அழுதுவிட்டாள். தினமும் இவ்வளவு நடக்கிறவனுக்கே இந்தக் கதி என்றால் நாமெல்லாம் எதற்கு நடக்க வேண்டும் என்று அவருடைய அண்ணன் போனில் ஆறுதல் சொன்னார்.

எனக்கும் பயம். உண்மையைச் சொன்னால் அவரைவிட எனக்குத்தான் பயம். இந்த இதயம் நின்றுபோனால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று நினைத்து நினைத்து எனக்கும் சோறு இறங்கவில்லை. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க" என்று இரண்டு தடவை பேச்சை ஆரம்பித்தேன். இரண்டு தடவையும், தனக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு என்று என்னைத் தேற்றினார்.

டாக்டர் காகிதத்தை மடித்து வைத்தார்.

"ஹார்ட் கல்லு மாதிரி இருக்கு சார்."

என் கணவருக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் மளமளவென்று பொத்தான்களைப் போட்டார். ஒன்று மாறிப்போனது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

துடிப்பு விஷயத்தில் இந்த மாதிரி மிஷின்கள் சில சமயம் உளறும், அடிக்கணக்கு சரியாகத்தான் இருக்கும், நடையை விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். பதினெட்டாயிரம் அடிக்கும் இந்தத் தொப்பைக்கும் எப்படிப் பொருந்துகிறது என்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை. சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணனுக்குப் போன். அப்புறம் ஆபீசுக்குப் போன். எல்லோரிடமும் கல்லு மாதிரி, கல்லு மாதிரி என்றார்.

லிப்டுக்காக நின்றோம். ஒரு மாடிதான் இறங்க வேண்டும்.

பேசி முடித்தவர் என் பக்கம் திரும்பினார். என் இடது கையைப் பிடித்தார். கல்யாணமான புதிதில் பிடித்த மாதிரி மெதுவாகப் பிடித்துத் திருப்பினார். அவருடைய விரல் என் நாடியின் மேல் இருந்தது. அங்கே துடிப்பு தாறுமாறாக இருப்பது எனக்கே தெரிந்தது.

இப்போதாவது உறைத்துவிட்டதே என்று நினைத்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் பையிலிருந்து அந்தப் பட்டையை எடுத்து என் மணிக்கட்டில் சுற்றினார். மூன்று மாதமாக மாட்டி மாட்டித் தேய்ந்து வாய் பிளந்திருந்த அதே துளையில் மாட்டினார்.

"மூணு நாள் அடி போச்சு. இப்பக் கிளம்பினா மத்தியானத்துக்குள்ள கிடங்குக்குப் போயிடலாம்ல?"

யார் யாரோ படுத்த இடத்திலிருந்து போனில் கேட்கும் பொருளையெல்லாம் அடுக்கு அடுக்காக நடந்து எடுத்துக் கொடுப்பதுதான் கிடங்கில் என் வேலை. தினமும் பதினெட்டாயிரம் அடி ஆகும். வேலைக்குக் கிளம்பும்போது அவர்தான் பட்டையை மாட்டிவிடுவார். திரும்பி வந்து வாசலில் கால் வைத்ததும் அத்தனை அடியும் அவர் போனுக்குப் போய்விடும். உங்கள் அடிகள், உங்கள் அடிகள் என்று அது மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி, அவர் தானே நடந்ததாக நம்பிவிட்டார். அதே வாய் உங்கள் இதயம் என்றதும் அதையும் நம்பிவிட்டார்.

லிப்ட் வந்தது. உள்ளே ஏறியதும் அவர் சட்டைப் பையில் போன் விட்டு விட்டு அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தார். இந்தத் தடவை பயப்படவில்லை. சிரித்துக்கொண்டே விரலால் அதைத் தள்ளிவிட்டுக் கீழ்த்தளத்துக்கு அழுத்தினார்.

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.