ரேணிகுண்டாவிலிருந்து ஒரு விமானம்

“ஐதராபாத்துக்கு பிளேன்ல எவ்ளோ நேரம் ஆவும் மேடம்?” யசோதா கேட்டாள்.

“ரேணிகுண்டாவிலேருந்து ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம். நானூறு கிலோமீட்டருக்கு மேல இருக்குதேம்மா,” என்றாள் நளினி. திருப்பதியின் அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் வீட்டாரோடு பேசுவதுதான் அவள் வேலை.

வாசலில் டாக்டர்கள் ஓடிவந்து ஆம்புலன்ஸில் ஏறினார்கள். ஒருவர் கையில் நீலப் பெட்டி. கதவு சாத்துவதற்குள் சைரன் அலறியது. முன்னால் போலீஸ் ஜீப் வண்டிகளை விலக்கிக்கொண்டு பாய்ந்தது.

“நாங்களும் கூட போவக் கூடாதா?” என்றார் அவள் கணவர் கன்னையா. நகரியில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மகன் தரணி எங்கே போனாலும் அவர்தான் கொண்டுபோய் விடுவார்.

“யாரையும் ஏத்த மாட்டாங்கண்ணா.”

“பிளேன்ல போவணும்னு சின்னதுலேருந்து சொல்லிக்கினே இருந்தான்,” என்றாள் யசோதா. “இப்ப தனியா போறான்.”

புத்தூர் ரோட்டில் லாரி மோதியதிலிருந்து தரணி கண் திறக்கவே இல்லை. ஐதராபாத்தில் ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருந்தது. நான்கு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

நளினி தன் போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். மஞ்சள் நிறத்தில் குட்டி விமானம் ஒன்று நகர்ந்தது.

“கடப்பா தாண்டிடுச்சு,” என்றார் கன்னையா. பிறகு, “ஸ்ரீசைலம் மேல போவுது.”

ஐதராபாத்தை நெருங்கியதும் அது வட்டமடிக்கத் தொடங்கியது.

“இன்னாங்க இது, சுத்திக்கினே கீது?”

“அங்க மழையாம்மா. இறங்க விடலையாம்,” என்றாள் நளினி.

கன்னையாவின் கைகள் ஆட்டோவின் ஹேண்டில்பாரைத் திருப்புவதுபோல் மடியில் அசைந்தன. ஓட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. “எறக்கிவுடுங்கய்யா, எறக்கிவுடுங்க,” என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினார்.

ஒருவழியாக விமானம் தரையைத் தொட்டது. யசோதா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சும்மா. நீங்க கிளம்புறதுன்னா...” நளினி தயங்கினாள்.

“அவன் நல்லபடியா போய்ச் சேர்ந்தான்னு தெரியாம நான் எழுந்திருக்க மாட்டேன்.”

வெளியே வெயில் சாயத் தொடங்கியபோது போன் அடித்தது. நளினி எழுந்து நின்று தெலுங்கில் பேசினாள். பேசி முடித்துவிட்டுக் கண்களைத் துடைத்தாள்.

“அங்க காத்துட்டிருந்த பொண்ணுக்கு வெச்சுட்டாங்கம்மா. தரணியோட இதயம் துடிக்க ஆரம்பிச்சிடுச்சு.”

யசோதா சுவரில் சாய்ந்தபடி கைகூப்பினாள். கன்னையா மெதுவாக எழுந்தார்.

“அப்ப புள்ளயோட உடம்ப எங்களாண்ட குடுத்துடுங்க மேடம்.”