படிக்காமல் போட்ட கையெழுத்து

“ஏனுங்க தேவானந்தம், லோடு சீட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு, பவானிக்குப் போக வேண்டிய மோட்டாரைச் சென்னிமலைக்கு அனுப்பிப்போட்டீங்களே! கண்ணை ஊட்டுலயே வெச்சுட்டு வந்தீங்களா?”

மேனேஜர் லட்சுமணசாமி போட்ட சத்தத்தில் கோவை கணபதியில் இருந்த அந்த மோட்டார் கம்பெனியின் லேத்துகளெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிட்டன.

“தப்புத்தானுங்க சார். இந்த ஒருவாட்டி மன்னிச்சுப்போடுங்க.”

“சஸ்பெண்ட்! விசாரணை முடிஞ்சா வேலையே போயிருமுங்க. அடிக்கச் சொன்ன சஸ்பெண்ட் ஆர்டர் எங்க?”

தேவானந்தம் பவ்யமாக நீட்டினார். அந்தக் கம்பெனியில் ஆர்டர் டைப் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தன் கழுத்துக்கான கத்தியையும் தானே தீட்டிக்கொடுக்கும் பாக்கியசாலி.

மேனேஜர் வீராவேசமாகக் கையெழுத்திட்டார்.

“ஒருக்கா படிச்சுப் பாருங்க சார்.”

“எனக்கே புத்தி சொல்றீங்களா?”

“ஐயோ, இல்லீங்க. சஸ்பெண்ட் ஆனவர் பேரு லட்சுமணசாமின்னு இருக்குதுங்க. முதலாளிக்கு அனுப்பட்டுங்களா, கிழிச்சுப்போடட்டுங்களா?”